சம்பளம் அதிகமென்றால் ஃபேர் வொர்க் கமிஷனுக்குப் போக முடியாதா?

கேள்வி: மெல்பனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். சூப்பரையும் (ஓய்வுகாலச் சேமிப்பு) சேர்த்து ஆண்டு பேக்கேஜ் 2,00,000 டாலர். லாபத்தைப் பொறுத்து போனஸ் தருவார்கள். 2026 மார்ச் 6 அன்று, வேலைத்திறன் போதவில்லை என்று நீக்கிவிட்டார்கள். “உங்கள் சம்பளத்துக்கு, ஆஸ்திரேலியாவில் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் கமிஷனில் வழக்கே போட முடியாது” என்கிறார் எச்.ஆர். அதிகாரி. உண்மையா?

பதில்: அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நியாயமற்ற பணிநீக்க வழக்குக்கு வருமான வரம்பு இருப்பது உண்மைதான். 2025 ஜூலை 1 முதல் அது 1,83,100 டாலர். ஆனால் பேக்கேஜ் தொகையை அந்த வரம்போடு நேராக ஒப்பிடக் கூடாது. முதலாளி கட்டாயமாகச் செலுத்தும் 12% சூப்பர் இந்தக் கணக்கில் சேராது. அதைக் கழித்தால் உங்கள் சம்பளம் சுமார் 1,78,571 டாலர்தான், வரம்புக்குக் கீழே. எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத போனஸும் சேராது.

ஒரு எச்சரிக்கை. வரம்புக்கும் உங்களுக்கும் இடைவெளி வெறும் 4,529 டாலர். சொந்த உபயோகத்துக்கும் ஓட்டிய கம்பெனி கார் இருந்தால் அதன் மதிப்பு கணக்கில் சேரும். அதுவே உங்களை வரம்புக்கு மேலே தள்ளிவிடலாம். உங்கள் விருப்பப்படி சம்பளத்திலிருந்து சூப்பரில் கூடுதலாகப் போட்ட பணமும் சம்பளமாகவே எண்ணப்படும்.

சரி, வரம்பைத் தாண்டிவிட்டால்? உங்கள் வேலை ஏதாவது ஒரு அவார்டுக்குள் (ஒரு துறைக்கோ தொழிலுக்கோ குறைந்தபட்ச ஊதியத்தையும் வேலை நிபந்தனைகளையும் வகுக்கும் சட்ட ஆவணம்) வந்தால் சம்பளம் ஒரு தடையே இல்லை. ஐ.டி. நிபுணர்களுக்கு ‘புரொஃபஷனல் எம்ப்ளாயீஸ் அவார்டு 2020’ இருக்கிறது. அங்கே பார்ப்பது பதவியின் பெயரை அல்ல, நீங்கள் அன்றாடம் செய்த வேலையை. விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் பெரிய வருத்தம்.

இரண்டும் பொருந்தாவிட்டால் ‘ஜெனரல் புரொடெக்ஷன்ஸ்’ (வேலையிட உரிமையைப் பயன்படுத்தியதற்காகப் பழிவாங்குவதற்கு எதிரான பாதுகாப்பு) என்ற தனி வழி உண்டு. அதற்கு வருமான வரம்பு கிடையாது. உடல்நலமில்லாமல் விடுப்பு எடுத்தது, சம்பளம் பற்றிப் புகார் செய்தது போன்ற காரணத்துக்காக நீக்கினார்கள் என்றால், அது காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். நஷ்ட ஈட்டுக்கும் உச்சவரம்பு இல்லை. நியாயமற்ற பணிநீக்க வழக்கிலோ அதிகபட்சம் 26 வார ஊதியம்தான், அதுவும் 91,550 டாலருக்கு மேல் போகாது. மன உளைச்சலுக்குத் தனியாக எதுவும் கிடைக்காது.

ஒரே பணிநீக்கத்துக்கு இரண்டு வழக்கையும் ஒருசேர நடத்த முடியாது. எதற்கானாலும் கெடு 21 நாள், உங்களுக்கு மார்ச் 27. தவறவிட்டால், மிக விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே அவகாசம் தருவார்கள். வேலை ஒப்பந்தம், கடைசி பே-ஸ்லிப், கார் தொடர்பான கடிதம், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள்.