கேடயத்தைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்

கேள்வி: என் மகன் நல்ல வேலையில் இருக்கிறான். சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து, கட்டைவிரலில் பாதி உயரம்கூட இல்லாத பழங்காலக் கிரேக்கச் சிப்பாய் பொம்மைகளை வாங்கி, இரவெல்லாம் வண்ணம் தீட்டுகிறான். மேசை மேல் அணிவகுத்து நிறுத்திப் போர் விளையாடுவதற்காம். கிரேக்கச் சிலை என்றால் வெள்ளைப் பளிங்கு. இவனோ கண்ணைப் பறிக்கிற நிறமெல்லாம் பூசுகிறான். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குப் பாண்டியர் படை ஞாபகம் வரவில்லையா? இந்தப் பிள்ளை விளையாட்டை நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள்.
- வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: வழி சொல்வதற்கில்லை, அண்ணாச்சி. உங்கள் மகன் மேல் நீங்கள் அடுக்கும் குற்றங்கள் எதுவும் நிற்காது. பாண்டியர் படையைப் பற்றிய கேள்வி மட்டும் நல்ல கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வெள்ளைப் பளிங்கு என்பது பழைய மயக்கம். கிரேக்கர்கள் சிலைகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். மண்ணும் மழையும் அதைத் தின்றுவிட்டன. ஏஜினா தீவின் அஃபையா கோயிலில் இருந்த வில்லாளி சிலை இப்போது ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. கல்லில் எஞ்சிய சுவடுகளை ஆராய்ந்து அதன் நிறங்களை மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். கால் முதல் கை வரை பல நிறக் கட்டங்கள் போட்ட உடை அணிந்து நிற்கிறான் அந்த வில்லாளி. இந்த விஷயத்தில் உங்கள் மகன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

நிறத்தில் அவனை மடக்க வேண்டுமானால் வெண்கலத்தில் மடக்குங்கள். தலைக்கவசம், கால்கவசம் எல்லாம் வெண்கலம். அருங்காட்சியகத்தில் பார்த்த நினைவில் பலர் அதற்குப் பச்சைக் களிம்பு நிறம் கொடுத்துவிடுகிறார்கள். அது மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்ததால் வந்த நிறம். நம் ஆதிச்சநல்லூர் வெண்கலங்களும் களிம்பேறித்தான் வெளியே வந்தன. உயிரோடு நின்ற வீரன் கவசத்தைத் துலக்கி வைத்திருந்தான். ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நகரத்தவர் வெண்கலக் கேடயத்தை விரும்பியதற்கு, அது சீக்கிரம் பளபளக்கும், மெதுவாகவே மங்கும் என்பதைக் காரணமாகச் சொல்கிறார் கிரேக்க ஆசிரியர் செனொஃபோன். புளி போட்டுத் தேய்த்த வெண்கலப் பானையின் நிறம் அது. உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே அதற்கு மாதிரி இருக்கும்.

அதை 28 மில்லிமீட்டர் உருவத்தில் கொண்டுவருவது சின்ன வேலையா? அடியில் கரும்பழுப்பு. அதன்மேல் வெண்கல வண்ணம். பிறகு நீர்த்த பழுப்புச் சாயத்தை ஓடவிட்டால் அது கண்துளையின் ஓரத்திலும் கன்னத்தகட்டின் இடுக்கிலும் தேங்கி நிழலாகிவிடும். காய்ந்ததும் மூக்குத்தகட்டின் முனையிலும் புருவ மேட்டிலும் தூரிகை நுனியால் வெளிர்பொன்னில் ஒரு கோடு. கை நடுங்கினால் முகமே போய்விடும். நம் வெயிலுக்கு வண்ணம் தட்டிலேயே காய்ந்துபோகும். ஈரப் பஞ்சின் மேல் தாள் விரித்து அதில் குழைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் ஸ்பிரே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தால் ஈரக்காற்றில் பூத்துப்போகும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

இனி கேடயம். இந்தக் கலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. உண்மையில் சுமார் 90 சென்டிமீட்டர் அகலம். பொம்மையில் ஒன்றரை சென்டிமீட்டர், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டம். அதில் சேவல், காளை, பாம்பு, பாம்புமுடி கொண்ட கொர்கான் முகம் என்று அவரவர் விருப்பப்படி சின்னம் இருந்தது. நகரம் முழுவதற்கும் ஒரே சின்னம் என்பது பிற்பாடு பரவிய வழக்கம். ஒரு ஸ்பார்ட்டா வீரன் தன் கேடயத்தில் நிஜ அளவில் ஓர் ஈயை வரைந்துகொண்டானாம். எதிரி கண்ணில் படாமல் தப்பிக்கவா என்று கேலி செய்தார்கள். ஈ தெரிகிற அளவுக்கு எதிரியின் பக்கத்தில் போவேன் என்றான். கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் சொல்லும் கதை இது.

ஆகவே, இன்று இரவு மகனிடம் போய் ஒரு கேடயத்தைக் கையில் வாங்கி, இது எந்தப் போர், எந்த ஊர்க்காரன் என்று கேளுங்கள். ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகரை வென்ற கி.மு. 490 மாரத்தான் போர் என்று சொல்லிக்கொண்டு ஸ்பார்ட்டாவின் சின்னமான லாம்டா (Λ) என்ற கிரேக்க எழுத்தை வரிசையாக வரைந்து வைத்திருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். நானும் சேர்ந்துகொள்கிறேன். ஸ்பார்ட்டாவினர் பௌர்ணமி கழியட்டும் என்று காத்திருந்து, போர் முடிந்த பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சரியான பதில் சொன்னால், அவன் படித்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் படிப்புக்கு நீங்கள் பிள்ளை விளையாட்டு என்று பெயர் வைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதுவும் சொப்புச் சாமானுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு! அதைக் கடைந்து வண்ணம் ஏற்றுகிறவர்கள் யாரும் குழந்தைகள் இல்லையே.

அந்நியம் என்ற பேச்சும் வேண்டாம். நம் கொற்கையின் முத்துக்குளிப்பைப் பதிவு செய்தது கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு. அரசனின் பாசறையில் காவல் நின்ற யவனரை, அதாவது கிரேக்க, ரோம நாட்டவரை, அவர்களுடைய சட்டை உட்பட, முல்லைப்பாட்டு காட்டுகிறது. அவர்கள் மாரத்தான் வீரர்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர்கள்தாம். ஆனாலும் முன்பின் தெரியாதவர்கள் அல்லர்.

பாண்டியர் படைக்கு வருகிறேன். அதைச் செய்ய உங்கள் மகனால் முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் கிரேக்கச் சிப்பாயைப் போலக் கடையில் வாங்கித் தீட்டுகிற காரியமாக அது இருக்காது. பிசைந்து வைத்தால் இறுகிவிடும் எப்பாக்சி மக்கில் உருவத்தை அவனே பிடிக்க வேண்டும். வீரன் வாளை எப்படிப் பிடித்தான், கொண்டையை எப்படி முடிந்தான், இடையில் என்ன கட்டினான் என்பதற்கு நடுகற்களையும் கோயில் சிற்பங்களையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எந்த நூற்றாண்டுப் பாண்டியன் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சங்ககாலப் படைக்குச் சான்று பெரும்பாலும் பாட்டில்தான் கிடைக்கும். நீங்கள் புறநானூற்றை எடுத்து வைத்துக்கொண்டு, படைக்கலம் வரும் இடங்களையெல்லாம் அவனுக்குக் குறித்துக் கொடுங்கள். கண் கெடாமல் இருக்க மேசைக்கு ஒரு நல்ல விளக்கும் வாங்கிக் கொடுங்கள்.