புக்கிட் தீமா: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

சிங்கப்பூரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். புக்கிட் தீமா குன்றைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி, மகனை நச்சரித்து அதில் ஏறினேன். பெரும்பாலும் தார் ரோடு. உச்சியில் ஒரு பாறை, 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. சுற்றிலும் மரம் மறைக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. எங்கள் போடிப் பக்கம் இதைக் கரடு என்போம். இதைத்தானா அவ்வளவு தூக்கி எழுதினீர்கள்?

கா. ச., போடிநாயக்கனூர்

அன்புள்ள கா. ச.,

கரடுதான். உயரத்தை வைத்து உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். அந்த நாட்டில் இயற்கையாக அமைந்த மேடுகளில் அதுதான் உயரம், அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் மரம் மறைக்கிறது என்கிறீர்களே, அந்த மரத்தைப் பார்க்கத்தான் போகச் சொன்னேன்.

1854இல் பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அங்கே பிரெஞ்சுப் பாதிரிமாரோடு தங்கி வண்டு பிடித்தார். சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை, அநேகமாக எல்லாமே ஒரு சதுர மைலுக்குள். புலிக்கு வெட்டிய குழிகளில் விழாமல் வேறு நடக்கவேண்டும். அத்தனை வண்டு ஏன் என்று அவரே சொல்கிறார்: மரம் வெட்டுகிறவர்கள் விட்டுப்போன பட்டையும் மரத்தூளும். காடு அழிகிற இடத்தில்தான் அவருக்கு அறுவடை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இன்று அந்தக் காடு இயற்கைக் காப்பகம், சுமார் 163 ஹெக்டேர். பக்கத்துக் காட்டிலிருந்து அதை 1980களில் ஒரு விரைவுச்சாலை அறுத்துவிட்டது. அழுங்குகள், அதாவது செதிலுள்ள எறும்புதின்னிகள், வண்டியில் அடிபட்டுச் செத்தன. 2013இல் சாலைக்கு மேலே மண் நிரப்பி மரம் நட்டு, விலங்குகளுக்கென்றே பாலம் கட்டினார்கள்.

தார் ரோடு விஷயத்தில் தப்பு என்னுடையது, வழியைச் சொல்லாமல் விட்டேன். இன்னொரு தடவை காலை ஏழு மணிக்கே போங்கள். உச்சியை மறந்துவிட்டு, பக்கவாட்டில் பிரியும் படிப்பாதை ஒன்றில் இறங்கிவிடுங்கள். செராயா மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். நம் வீட்டுக் குங்கிலியம் வருகிற சால் மரத்துக்கு அது நெருங்கிய சொந்தம்.

கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். பாவமே என்று அதற்குப் பழம் நீட்டிவிடாதீர்கள். அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். கட்டப்போவது உங்கள் மகன்.