காய்கறி கேள்வி பதில்: எந்தக் காய், எவ்வளவு, யாருக்கு?

காய்கறி, கீரை பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, உணவியல் ஆலோசகராக இருக்கும் உறுப்பினரின் பதில்கள்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 22 வயது. ஹீமோகுளோபின் 9.2. தினமும் பீட்ரூட் ஜூஸ், வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்று மூன்று மாதமாகக் கொடுக்கிறேன். 9.4-க்கு மேல் ஏறவில்லை. எங்கே தப்பு?

பதில்: அம்மா, பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் சொன்ன இரும்பு அளவு நாளைக்கு 29 மி.கி.

முருங்கைக்கீரை நல்ல தேர்வு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலில் 100 கிராமுக்குச் சுமார் 4.5 மி.கி. இரும்பு இருக்கிறது. ஆனால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட உடம்பு பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பங்கு ஏறுவதும் இறங்குவதும் கூடச் சாப்பிடும் பொருளைப் பொறுத்தது. வைட்டமின் சி ஏற்றிவிடும். காபி, டீ இறக்கிவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உடம்பில் சேரும் இரும்பைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுபோய்விடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஆய்ந்த கீரை ஆளுக்கு 50 கிராம், வாரம் நான்கு நாள். பருப்பு தனியாக வெந்த பிறகு கீரையைப் போட்டு ஐந்தாறு நிமிடம் வேகவிட்டால் போதும். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும், கசப்பும் தட்டும். நெல்லிக்காய்ப் பச்சடி, கொய்யாத் துண்டு கூட இருந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் அதை வேறு வேளைக்கு மாற்றுங்கள். புளிக்குழம்பை இரும்புச்சட்டியில் வைக்கலாம், சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும். ஆனதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இத்தனை செய்தாலும் 9.2-ஐக் கீரையை மட்டும் நம்பி 12-க்குக் கொண்டுபோக முடியாது. டாக்டரிடம் காட்டி இரும்பு மாத்திரை தொடங்க வேண்டிய நிலை இது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் 1 புள்ளியாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குடல்புழு, பி12 குறைவு, பரம்பரையாக வரும் தலசீமியா ரத்தக்குறைபாட்டின் கூறு என்று காரணம் தேட வேண்டும். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். மறு வருடமே பழைய எண்ணுக்கு வந்து நிற்கிறார்கள்.

அதே அம்மா: அப்படியென்றால் பீட்ரூட்டால் பயனே இல்லையா?

பதில்: உண்டு. அதிலுள்ள நைட்ரேட் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்க உதவும். ஃபோலேட்டும் இருக்கிறது. ஜூஸாக்கி வடிகட்டாமல், தேங்காய் போட்டுப் பொரியலாகக் கொடுங்கள். சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவப்பாகப் போனால் உடனே காட்டுங்கள்.

மதுரை, 41 வயது ஆண்: இரண்டாம் முறையாகக் கிட்னி ஸ்டோன். தினம் வாழைத்தண்டு ஜூஸ் குடித்தால் கரையும் என்கிறார்கள். தக்காளி, கீரை எதையும் தொடக் கூடாதா?

பதில்: வாழைத்தண்டில் நாரும் பொட்டாசியமும் இருக்கிறது. கல்லைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஜூஸோடு உள்ளே போகும் தண்ணீர்தான் பெரும்பாலும் உதவி செய்கிறது.

பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியத்தோடு ஆக்சலேட் என்ற பொருள் சேர்ந்து உறைந்தவை. உங்களுடையதும் அதுதானா என்று தெரிந்துகொள்ளுங்கள். யூரிக் அமிலக் கல்லுக்கு வழி வேறு. ஆக்சலேட் என்றால் பாலக்கீரை, பீட்ரூட் இரண்டையும் நன்றாகக் குறையுங்கள். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் உண்டு. ஆசைப்பட்டால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கடைந்து, தயிரோடு சாப்பிடுங்கள். தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியே அனுப்பிவிடும். கல்லுக்குப் பயந்து பால், தயிரை நிறுத்துகிறவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. தக்காளியில் ஆக்சலேட் குறைவு. குழம்பு, ரசத்தில் சேர்க்கும் அளவுக்குத் தடை வேண்டாம்.

சிறுநீர் நாளைக்கு இரண்டரை லிட்டராவது போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். மதுரை வெயிலுக்கு அது மூன்று, மூன்றரை லிட்டர் குடிப்பதில்தான் முடியும். அதில் ஒரு வேளை சர்க்கரை, உப்பு இல்லாத எலுமிச்சைச் சாறாக இருக்கட்டும், கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் கிடைக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

சேலம், சிறுநீரகம் பலவீனமாகி கிரியேட்டினின் 2.8 உள்ளவரின் மகன்: மேலே சொன்னதை அப்பாவும் பின்பற்றலாமா?

பதில்: கூடாது தம்பி. அப்பாவுக்குத் தண்ணீர் அளவை நெஃப்ராலஜி (சிறுநீரக) டாக்டர் சொல்ல வேண்டும். பொட்டாசியம் கூடியிருந்தால் வாழைத்தண்டு, கீரை, உருளைக்கிழங்கு, இளநீர் எல்லாமே ஆபத்து. காயைத் தோல் சீவி, மெல்லியதாக நறுக்கி, காய்க்குப் பத்து மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கொட்டுங்கள். பிறகு ஐந்து மடங்கு தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, வடித்துவிட்டுத் தாளியுங்கள். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து அதையே குழம்பில் சேர்த்தால் பொட்டாசியம் அப்படியே இருக்கும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவி: கேரட் பச்சையாகவா, வேகவைத்தா?

பதில்: வைட்டமின் ஏ-க்காக என்றால் வேகவைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்த்து. பச்சையாகக் கடித்தால் உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் பெருமளவு நாருக்குள் சிக்கியபடியே வெளியேறிவிடும். தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீனும் அப்படியே, எண்ணெயில் வதக்கினால் கூடுதலாகச் சேரும். கேரட் சாப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட முடியாது. பவர் கண்ணின் அமைப்பைப் பொறுத்தது.

நாகர்கோவில், 58 வயது: சுகருக்குக் காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸ் குடித்து, கிளிமிபிரைடு மாத்திரையும் போடுகிறேன். சில நாள் கை நடுங்குகிறது.

பதில்: ஐயா, அந்த நடுக்கத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். பாகற்காய் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். கிளிமிபிரைடு சாப்பாடு இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். வெறும் வயிற்றில் இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். நடுங்கும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஜூஸை நிறுத்திவிட்டு, இதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

பாகற்காயைச் சாப்பாட்டோடு பொரியலாகச் சாப்பிடுங்கள். மெல்லிய வட்டமாக நறுக்கி இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் வதக்கினால் போதும். உப்பில் பிசறி முற்றிலும் பிழிந்துவிட்டால் கசப்போடு வைட்டமின் சி-யும் போய்விடும். கசப்பை மறைக்க வெல்லம் போட்டால் சாப்பிடும் நோக்கமே கெட்டுவிடும். கர்ப்பிணிகள் பாகற்காய் ஜூஸ் குடிக்கக் கூடாது.

தஞ்சாவூர், புதுசாகச் சமைப்பவர்: வெண்டைக்காய் கொழகொழ, வாழைப்பூ கறுப்பு. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள் அக்கா.

பதில்: வெண்டைக்காயை முழுசாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்குங்கள். அகலமான கடாயில், மூடாமல், நடுத்தரத் தீயில் வதக்கி, சுருண்ட பிறகுதான் உப்பு. முதலிலேயே உப்புப் போட்டால் காயிலிருந்து தண்ணீர் விட்டு, கோழையோடு சேர்ந்து நூல் நூலாக இழுக்கும். ஒரு ஸ்பூன் புளித்தண்ணீரோ தயிரோ அதை முறித்துவிடும். அந்தக் கோழை கரையும் நார்தான், கொலஸ்ட்ராலுக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ராத்திரி ஊறவைத்த வெண்டைக்காய்த் தண்ணீரைக் குடிப்பதைவிட அந்தக் காயையே சாப்பிடுங்கள், நார் முழுசாகக் கிடைக்கும்.

வாழைப்பூவுக்கு முதலில் கையில் எண்ணெய் தடவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கரண்டி புளித்த மோர் கலந்து பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு பூவிலும் தீக்குச்சி மாதிரித் தலையோடு நடுவில் நிற்கும் கள்ளன், அடியில் கண்ணாடி மாதிரி இருக்கும் சிறு செதில், இரண்டையும் உருவி எறியுங்கள். அவை எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. நறுக்கியதும் மோரில் போட்டுவிட வேண்டும். வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டால் துவர்ப்புப் பொருள் கறுக்கும், மோரின் புளிப்பு அதைத் தடுக்கும். இரும்பு அரிவாள்மணை, இரும்புச்சட்டி இதற்கு ஆகாது. துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு இன்னும் கூடும்.

வேலூர், தைராய்டு மாத்திரை எடுப்பவர்: முட்டைக்கோஸ், காலிஃபிளவர் அறவே கூடாதா?

பதில்: வேகவைத்து ஒரு கிண்ணம் சாப்பிடலாம். தைராய்டைத் தடுக்கும் பொருள் வெந்தால் பெரும்பகுதி குறைந்துவிடும். தினமும் பச்சை முட்டைக்கோஸ் ஜூஸ் குடிப்பது மட்டும் வேண்டாம். உங்கள் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு) ஏறி இறங்குகிறதென்றால், முட்டைக்கோஸைவிட மாத்திரை போட்ட கையோடு குடிக்கும் காபியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

கடலூர், இதய வால்வு மாற்றியவர்: ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரையே கூடாது என்கிறார்கள்.

பதில்: கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, வாரா வாரம் அளவு ஒரே மாதிரி இருந்தால் போதும். வாரம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுப் பழகியவர் திடீரென நிறுத்தினால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறி ரத்தம் கசியலாம். திடீரெனத் தினமும் சாப்பிட ஆரம்பித்தால் இறங்கி வால்வில் ரத்தம் உறையலாம். முருங்கைக்கீரைப் பொடி, கொத்தமல்லி ஜூஸ் எதையும் டாக்டருக்குச் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

சென்னை, ஐ.டி. ஊழியர்: எடை குறைய தினம் சுரைக்காய் ஜூஸ். போன வாரம் ஒன்று கசந்தது, தேன் விட்டுக் குடித்துவிட்டேன். வயிறு கொஞ்சம் வலித்தது. தொடரலாமா?

பதில்: கசந்த சுரைக்காயை இனி ஒரு மடக்குகூடக் குடிக்காதீர்கள். கசப்புக்குக் காரணம் குகர்பிட்டசின் என்ற நச்சு. 2010-ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தே போனார். அதன் பிறகுதான் ஐ.சி.எம்.ஆர். நிபுணர் குழு வைத்து இதை ஆராய்ந்தது. வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. தேன், நெல்லிக்காய், பாகற்காய் கலந்தால் சுரைக்காயின் கசப்பு நாக்குக்குத் தனியாகத் தெரியாமல் போகும், ஆபத்து அப்படியே இருக்கும்.

சுரைக்காயோ பீர்க்கங்காயோ வெள்ளரியோ, நறுக்கியதும் சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பி, வாய் கொப்பளித்து, காயை முழுசாகக் குப்பையில் போடுங்கள். கசந்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது. எடை குறையத்தான் என்றால், கசக்காத சுரைக்காயைப் பாசிப்பருப்புக் கூட்டாகச் சாப்பிடுங்கள். ஜூஸை விட வயிறு நிறையும், நெடுநேரம் பசி தாங்கும்.

குடித்த சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, வாந்தியில் ரத்தம், தலைசுற்றல் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, ரத்த அழுத்தத்தைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. போனவுடன் 'கசந்த சுரைக்காய் ஜூஸ் குடித்தேன்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.