மாதம் 35,000 என்றார்கள், கையில் எவ்வளவு வரும்?

கேள்வி: கோவில்பட்டிப் பையன் நான். இந்த வருடம் பி.இ. முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 4.2 லட்சம் சி.டி.சி. என்று ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. மாதம் 35,000 என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவ்வளவு வராது என்கிறார் சீனியர் ஒருவர். இரண்டு வருட பாண்ட் உண்டு, நடுவில் போனால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டுமாம். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டும் கேட்கிறார்கள். கல்விக் கடன் 3 லட்சம் இருக்கிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆபீஸில் ஆங்கிலத்தை எப்படிச் சமாளிப்பது என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: முதலில் வாழ்த்துகள். உங்கள் சீனியர் சொன்னது சரிதான். இருபது வருடத்துக்கு மேல் சம்பளப் பட்டியல் போட்டவன் என்பதால் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கு வருவதும் இருக்கும், உங்கள் பெயரில் வேறெங்கோ போய்ச் சேருவதும் இருக்கும், வரலாம் வராமலும் போகலாம் என்கிற பணமும் இருக்கும். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் 'அனெக்ஷர்' என்று ஒரு அட்டவணை இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் புரட்டாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். உங்கள் அட்டவணையை நான் பார்க்கவில்லை, 4.2 லட்சத்துக்கு வழக்கமாகப் போடுகிற மாதிரி ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன்.

மாதக் கணக்கு 35,000. பேஸிக், அதாவது அடிப்படைச் சம்பளம், அதில் பாதி, 17,500. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800 (15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம்). கிராஜுவிட்டிக்கு (விலகும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது பேஸிக்கில் 4.81 சதவீதம், அதாவது 842. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 500 என்று வைப்போம். வேரியபிள் பே பத்து சதவீதம் என்றால் 3,500. வருடக் கடைசியில் உங்கள் ரேட்டிங்கையும் கம்பெனியின் லாபத்தையும் பார்த்துத்தான் அதைத் தருவார்கள், முழுசாகத் தருவார்கள் என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இவற்றைக் கழித்தால் பே ஸ்லிப்பின் மேல்பாதியில் நிற்பது 28,358. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போகும். தமிழ்நாட்டில் தொழில்வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250, மாதக் கணக்கில் 208. வங்கிக்கு வருவது 26,350.

வருமான வரி? புதிய முறையில் இந்தச் சம்பளத்துக்கு ஒரு பைசா கிடையாது. 2025-26 நிதியாண்டுக் கணக்கில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கே வரி இல்லை. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உங்களுக்கு வராது, மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்குத்தான் அது.

இந்த 8,650 வித்தியாசத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பி.எஃப். உங்கள் பணம்தான். முதன்முறையாகச் சேரும்போதே பேஸிக் 15,000-ஐத் தாண்டியிருப்பதால் பென்ஷன் கணக்குக்கு எதுவும் பிரியாது, நிறுவனத்தின் 1,800-ம் முழுசாக உங்கள் பி.எஃப். கணக்கிலேயே விழும். மாதம் 3,600, வட்டியோடு. வேலை மாறும்போது பலர் செய்கிற தவறு, இதை எடுத்து போன் வாங்குவது. வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்ணான அதே யு.ஏ.என்.-ஐப் புதிய நிறுவனத்தில் கொடுத்தால் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். கிராஜுவிட்டிக்கு மட்டும் நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் இருந்தாக வேண்டும். இரண்டு வருடத்தில் கிளம்புகிறவருக்கு அந்த 842 காகிதத்தில் இருந்த எண் மட்டுமே. அதனால் எச்.ஆர்.க்கு ஒரு மெயில் போடுங்கள்: "மாதம் கையில் வரும் தொகை எவ்வளவு? வேரியபிள் பே எப்போது, எதன் அடிப்படையில்?" இரண்டே கேள்வி. இதைக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்கிய நிறுவனத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகளை அதிகம் அலைக்கழிக்கிற விஷயம் இதுதான்: இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். ஆதாரில் வெறும் 'கார்த்திக்'. பான் கார்டில் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்பதால் அப்பா பெயர் முழுசாக ஏறி 'கார்த்திக் சுப்பையா' ஆகியிருக்கும். வங்கியில் 'எஸ். கார்த்திக்'. நமக்கு நாலும் ஒரே ஆள். பி.எஃப். அலுவலகக் கணினிக்கு நாலு பேர். சேரும்போது எப்படியோ ஓடிவிடும். நாலு வருடம் கழித்து அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வரும். அப்போது பழைய நிறுவனத்துக்கும் பி.எஃப். அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டியும் வரலாம்.

எனவே சேருவதற்கு முன்னால் ஒரு மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வையுங்கள்: பத்தாவது சான்றிதழ், ஆதார், பான், வங்கிப் புத்தகம், இருந்தால் பாஸ்போர்ட். பத்தாவது சான்றிதழில் உள்ளதை மூலமாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். முதலில் ஆதார். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே சேவை மையத்தில் திரையில் தட்டச்சு ஆனதை எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உங்களுடையதா என்றும் பாருங்கள். அப்பாவின் எண்ணாக இருந்தால் ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் கோவில்பட்டிக்கு போன் போட வேண்டியிருக்கும்.

சரி, பாண்ட். 'பாண்ட் எல்லாம் செல்லாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். பாதிதான் உண்மை. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகும் இன்ன நிறுவனத்தில் சேரக் கூடாது என்று உங்களைக் கட்டிப்போட முடியாது. கட்டாயப்படுத்தி உட்கார வைத்து வேலை வாங்கவும் முடியாது. ஆனால் இத்தனை காலம் இருப்பேன், இல்லாவிட்டால் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால், நிறுவனம் நியாயமான இழப்பீடு கேட்கலாம். 74-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது; எழுதிய தொகை உச்சவரம்பு, அதற்குள் எது நியாயமோ அது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடியும் முன்னே விலகிய அதிகாரி கட்டிய 2 லட்சம் செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, ஆளெடுப்பு முறையும் செலவும் வேறு, உங்கள் நிலைமையோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கையெழுத்து விளையாட்டில்லை என்று தெரிந்துகொள்ள இது போதும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றைக் கேட்பேன். நிஜமாகவே பயிற்சி உண்டா, எத்தனை வாரம்? மாதம் ஆக ஆக அந்த ஒன்றரை லட்சம் குறையுமா, இல்லை இருபத்து மூன்றாம் மாதத்திலும் முழுத் தொகையா? அவர்களே என்னை வேலையை விட்டு அனுப்பினால் பாண்ட் என்ன ஆகும்? பதில் மெயிலில் வரட்டும். போனில் சொன்னால், "சார், நீங்கள் சொன்னது இதுதானே" என்று நீங்களே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள். வேலையில் சேர 'டெபாசிட்' கட்டு என்று கேட்டால் அது வேலையே இல்லை, மோசடி. பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

ஒரிஜினல் விஷயத்தில் என் கதை ஒன்று. 2003-ல் சென்னையில் என் முதல் வேலை. டிகிரி சர்ட்டிஃபிகேட்டை 'சேஃப் கஸ்டடி' என்று வாங்கி வைத்தார்கள். நானும் பெருமையாகக் கொடுத்தேன், ஏதோ லாக்கரில் வைப்பார்கள் என்று. ஒன்றரை வருடம் கழித்து நல்ல வேலை ஒன்று கிடைத்து விலகினேன். "ஆபீஸ் மாறினோமே, எந்தப் பெட்டியில் இருக்கிறதோ" என்றார்கள். நாலு மாதம் நடந்தேன். புது நிறுவனம் ஒரு மாதம்தான் பொறுத்தது. கடைசியில் யாருடைய ஃபைலுக்குள்ளோ இருந்து கிடைத்தது. இன்றும் அதன் இடது மேல்மூலையில் ஜெம் கிளிப் துருவேறிய தடம் இருக்கிறது. அந்த வேலை கிடைக்கவேயில்லை.

ஆகவே, ஒரிஜினலைக் காட்டலாம். அவர்கள் கண்ணெதிரே சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். சான்றொப்பமிட்ட நகல் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். விடவே மாட்டோம் என்றால் அந்த வேலை வேண்டுமா என்று யோசிக்க வேண்டிய இடம் அது. வேறு வழியில்லை, கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலைமை எனக்கும் புரிகிறது. அப்படியானால் எந்தச் சான்றிதழ், வரிசை எண் என்ன, எப்போது திருப்பித் தருவார்கள் என்று லெட்டர்ஹெட்டில் ரசீது இல்லாமல் கையை விட்டுப் போகக் கூடாது.

நோட்டீஸ் பீரியடையும் பாருங்கள். உங்களுக்கு 90 நாள், அவர்களுக்கு 30 நாள் என்று சில கடிதங்களில் இருக்கும். புதியவர்களுக்காக இதை மாற்ற மாட்டார்கள், தெரிந்துகொண்டு சேருவது நல்லது. விலகுவதென்றால் மெயிலில் சொல்லி, நாளை முடித்து, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் 'அப்ஸ்காண்டிங்' என்று எழுதிவிடுவார்கள், அடுத்த நிறுவனம் விசாரிக்கும்போது அதுதான் முதலில் வரும்.

இனி உங்கள் பயம். எங்கள் அலுவலகத்தில் சில வருடம் முன்பு ஒரு பெண் சேர்ந்தார். கல்லூரியில் தங்கப் பதக்கம். ஆறு நாள் காலை ஒன்பதரைக்கு வந்து மாலை ஆறரை வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாம் நாள் டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது: அவருக்கு சர்வரில் நுழைய அனுமதியே வரவில்லை. ஐ.டி. டெஸ்க்குக்கு ஒரு டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) போட்டால் பத்து நிமிட வேலை. "எல்லோரும் பிஸியாக இருந்தார்கள், கேட்க ஒரு மாதிரி இருந்தது" என்றார். அவருக்குத் தடை மொழியாக இருக்கவில்லை, ஆங்கிலம் சரளமாகவே பேசுவார்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "புரியவில்லை" என்று மட்டும் போய் நின்றால் எதிரே இருப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. "இதுவரை இதைச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் இந்தப் பிழை வருகிறது, அடுத்து இதையா பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். முக்கால் மணி நேரம் நீங்களே முட்டிப் பார்க்கலாம், ஒரு நாள் முழுக்க முட்டக் கூடாது. ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால்தான் எரிச்சல் வரும், அதற்குத்தான் நோட்டு. முதல் மூன்று மாதம் நோட்டும் பேனாவும் இல்லாமல் எந்த மீட்டிங்குக்கும் போகாதீர்கள்.

ஆங்கிலத்துக்கு என் வைத்தியம், எழுத்து. மீட்டிங்கில் வேகமாகப் பேசுகிறார்கள், பாதி நழுவுகிறது, பரவாயில்லை. முடிந்ததும் டீம் லீடுக்கு மூன்று வரி அனுப்புங்கள்: நான் செய்ய வேண்டியது இது, எப்போதுக்குள், நான் புரிந்துகொண்டது சரியா? தப்பாகப் புரிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். நாலு மாதம் இப்படி எழுதினால் அந்த வாக்கியங்களே வாயில் வரத் தொடங்கும். காலையில் டீம் கூடும் சின்ன மீட்டிங்கான ஸ்டேண்ட்-அப்பில் பேச வேண்டிய இரண்டு வரியை முந்தின நாள் மாலையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துப் படித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இலக்கணப் பிழைக்கு யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. "முடித்துவிட்டேன்" என்று சொல்லி முடிக்காமல் இருந்தவர்களுக்கு நானே கடிதம் அடித்திருக்கிறேன்.

இன்னொரு சின்னத் தடுமாற்றம் வரும். உங்களைவிட இருபது வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். நாக்கு வராது. முதல் இரண்டு வாரம் 'சார்', 'மேடம்' என்றே கூப்பிடுங்கள், சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பக்கம் போனால் 'சார்' இல்லாமல் எதுவும் நகராது. அந்தந்த இடத்தில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி.

கல்விக் கடன்: பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும், ஆனால் வட்டி அதுவரை சும்மா இருக்காது, சேர்ந்துகொண்டே போய் அசலோடு ஏறும். முடிந்தால் முதல் சம்பளத்திலிருந்தே வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். தவணை தொடங்கினால், 3 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் ஏழு வருடம் என்றால் மாதம் 5,000-க்குக் கொஞ்சம் குறைவு. ஓ.எம்.ஆர். பக்கம் பகிர்ந்து தங்கும் பி.ஜி.க்குச் சாப்பாட்டோடு எட்டு, ஒன்பதாயிரம் வையுங்கள். பஸ், போன், சில்லறைச் செலவு நாலாயிரம். மீதி எட்டாயிரத்துச் சொச்சம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஊரில் இருக்கும்போதே அப்பாவோடு உட்கார்ந்து காட்டிவிடுங்கள். 35,000 என்று கேள்விப்பட்டவர்கள் கைமாற்றுக்கும் ஜாமீன் கையெழுத்துக்கும் அந்த எண்ணை நம்பித்தான் வருவார்கள், பதில் சொல்ல வேண்டியவர் அவர். இனி யார் கேட்டாலும் அவர் வாயில் 26 என்றே வரட்டும்.