கேள்வி–பதில்: கலைக்க மறுக்கும் உரிமை

கேள்வி: 2022 அக்டோபரில் அன்றைய மலேசியப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி யாக்கோப், மாமன்னரின் ஒப்புதலோடு நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். பிரதமர் கேட்டால் மாமன்னர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டுமா? அவரால் மறுக்கவும் முடியுமா?
— வாசகி ஒருவர், ஈப்போ

பதில்: மறுக்க முடியும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 40வது பிரிவு, மாமன்னர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும் என்று முதலில் விதித்துவிட்டு, அடுத்த உட்பிரிவிலேயே அவர் தம் விருப்புரிமைப்படி முடிவெடுக்கக்கூடிய மூன்று இடங்களைச் சொல்கிறது. பிரதமரை நியமிப்பது ஒன்று. சுல்தான்கள் முதலான மாநில ஆட்சியாளர்களின் சிறப்புரிமைகள் தொடர்பாக, அவர்கள் கூடும் ஆட்சியாளர் மன்றத்தைக் கூட்டச் சொல்வது மற்றொன்று. நீங்கள் கேட்பதற்கு விடை எஞ்சிய மூன்றாவதில் இருக்கிறது: நாடாளுமன்றத்தைக் கலைக்கும் கோரிக்கைக்கு ஒப்புதல் தராதிருப்பது. இந்தச் சொல்லாட்சியைச் சற்றுக் கவனியுங்கள். விருப்புரிமையாகத் தரப்பட்டிருப்பது கலைக்கும் அதிகாரம் அன்று, கலைக்க இசையாதிருக்கும் அதிகாரம். ஆகவே பிரதமர் கேட்காதபோது மாமன்னர் தாமாக அவையைக் கலைத்துவிட இந்த விதி இடம் தரவில்லை. பிரதமர் கேட்டுவிட்டார் என்பதனாலேயே அவை கலைந்துவிடுவதும் இல்லை.

2022இல் நடந்ததைப் பாருங்கள். மக்களவை முதன்முதலில் கூடிய நாளிலிருந்து ஐந்தாண்டுகள் முடிந்தால் அது தானாகவே கலைந்துவிடும். அந்த அவை கூடியது 2018 ஜூலை 16 என்பதால், 2023 ஜூலை வரை அதற்குக் காலம் இருந்தது. இஸ்மாயில் சப்ரி அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அக்டோபர் 10ஆம் நாள் வெளியான அரண்மனை அறிக்கையில், நாட்டின் அரசியல் போக்கு குறித்து அப்போதைய மாமன்னர் சுல்தான் அப்துல்லா ஏமாற்றம் தெரிவித்திருந்தார். நிலையான அரசாங்கம் அமைய மக்களிடமே முடிவைத் திருப்பித் தருவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால் இசைந்ததாகவும், நவம்பர் நடுவில் பருவமழை தொடங்கவிருப்பதால் தேர்தலை விரைந்து நடத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. மறுக்கும் உரிமை உள்ளவர், மறுக்காமல், ஆனால் மனமுவந்தும் தராமல், தம் மனக்குறையை எழுத்தில் பதிவு செய்து ஒப்புதல் தந்தார் என்றே நான் அந்த அறிக்கையைப் படிக்கிறேன். வெறும் சடங்காக இருந்தால் இத்தகைய விளக்கத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

அதற்கு முந்தைய ஆண்டில் நிலைமை வேறு. 2021 ஆகஸ்டு 16ஆம் நாள் அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் பதவி விலகியபோது, பெருந்தொற்றுக் காலத்தில் பொதுத்தேர்தல் உகந்த வழியன்று என்பதே அரண்மனையின் கருத்தாக இருந்தது. அவை கலைக்கப்படாமல், அதே அவையிலிருந்து இஸ்மாயில் சப்ரி பிரதமரானார்.

கேள்வி: பேராக் மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு சட்டமன்றத்தைக் கலைக்க சுல்தான் மறுத்ததும் இதே உரிமையின்படிதானா?
— வாசகர் ஒருவர், தைப்பிங்

பதில்: அது மாநில அரசியலமைப்பின்படி நடந்தது என்றாலும், கோட்பாடு ஒன்றே. 59 இடங்கள் கொண்ட பேராக் சட்டமன்றத்தில் 2008இல் பக்காத்தான் ராக்யாட் கூட்டணி 31, தேசிய முன்னணிக் கூட்டணி 28 என வென்றிருந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆளும் தரப்பினர் மூவர் விலகித் தேசிய முன்னணிக்கு ஆதரவளித்ததும், மந்திரி பெசார் (மாநில முதல்வர்) நிஸார் ஜமாலுடின் அவையைக் கலைக்கும்படி சுல்தான் அஸ்லான் ஷாவிடம் கேட்டார். நாட்டின் தலைமை நீதிபதியாக முன்பு இருந்தவரான சுல்தான் அதற்கு இசையவில்லை. ஜாம்ரி அப்துல் காடிர் மந்திரி பெசாராக நியமிக்கப்பட்டார். மே மாதம் 7ஆம் நாள் அவை கூடியபோது, அவைத்தலைவர் வி. சிவகுமாரை அவரது இருக்கையிலிருந்து இழுத்து வெளியேற்றிய காட்சியைப் பேராக் தமிழர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

2010 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், மந்திரி பெசார் பெரும்பான்மையை இழந்தாரா என்பதை அவையில் வாக்கெடுத்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை, பிற வழிகளிலும் அறியலாம் என்று கூறி, ஜாம்ரியின் நியமனம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எனக்கு அத்தீர்ப்பில் உடன்பாடு குறைவு. யாருக்கு ஆதரவு இருக்கிறது என்பதை அரண்மனையின் மூடிய கதவுகளுக்குள் எண்ணுவதைவிட, அவையிலேயே கை தூக்கச் சொல்லி எண்ணுவது எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கு.

கேள்வி: கலைத்தபின் மேலவை என்ன ஆகும்? மாநிலச் சட்டமன்றங்களும் கூடவே கலையுமா?
— அதே வாசகர்

பதில்: மேலவை உறுப்பினர்களின் மூன்றாண்டுப் பதவிக்காலத்தைக் கலைப்பு பாதிப்பதில்லை. மக்களவைக்கு 60 நாள்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். 120 நாள்களுக்குள் புதிய நாடாளுமன்றம் கூட வேண்டும். சட்டமன்றங்களைக் கலைப்பது அந்தந்த மாநில ஆட்சியாளரின் அல்லது ஆளுநரின் ஒப்புதலைப் பொறுத்த தனி நடவடிக்கை. அதனால்தான் 2022 நவம்பர் 19ஆம் நாள் நாடு முழுவதும் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தபோதும், சிலாங்கூர், பினாங்கு, நெகிரி செம்பிலான், கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய ஆறு மாநிலங்களின் சட்டமன்றங்களுக்கு 2023 ஆகஸ்டு 12ஆம் நாள்தான் தேர்தல் நடந்தது.