நொறுங்கிய காருக்கு மறுபடப்பிடிப்பு இல்லை

கேள்வி: சுயாதீனமாகப் படம் எடுக்க வரும் இளைஞர்கள் வாழ்க்கையைச் சொல்லாமல், கார் துரத்தல், அடிதடி, சிரிப்பு என்று மலிவான சரக்கில் இறங்கலாமா?

பதில்: மலிவா? இரண்டு பேர் ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விடும் காட்சி சரியாக வராவிட்டால், இன்னொரு முறை விடச் சொல்லலாம். நொறுங்கிய காரை இன்னொரு முறை நொறுங்கச் சொல்ல முடியாது ஐயா!

அமெரிக்க நடிகர் டாக்ஸ் ஷெப்பர்ட், 2012-ல் வந்த ‘ஹிட் அண்ட் ரன்’ படத்தைச் சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்தார். ஹாலிவுட்டில் அது சொற்பத் தொகை. எழுதி, இணைந்து இயக்கி, நாயகனாக நடித்து, சொந்தக் கார்களையே கொண்டுவந்து தாமே ஓட்டினார். அவருக்கும் முன்னோடி ஹெச்.பி. ஹாலிக்கி. 1974-ல் அவரே தயாரித்து, இயக்கி, நடித்த படத்தில் 93 கார்கள் நொறுங்கின; துரத்தல் மட்டும் 40 நிமிடம். இதைவிடச் சுயாதீனம் வேறென்ன வேண்டும்? அழுதால்தான் கலை என்னும் கட்சியோடு இந்தப் பக்கத்தில் நெடுநாளாக மல்லுக்கட்டுகிறேன். இனியும் விடுவதாக இல்லை.

துரத்தலில் சிரிப்பு வரவேண்டுமானால் துரத்துபவரும் தப்புபவரும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். 1910-களில் மாக் சென்னட்டின் மௌனப் படங்களில் வரும் ‘கீஸ்டோன்’ கோமாளிப் போலீஸ்காரர்கள் விழுந்தடித்து ஓடியபோது, கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுழற்றிப் படம்பிடித்தார்கள். அதை வழக்கமான வேகத்தில் ஓட்டியதும் திரையில் ஓட்டம் பறந்தது. ஆனால் கேமரா விலகி நின்று தெருவையே காட்டியது. இன்றோ சக்கரம், கியர், கண், மறுபடியும் சக்கரம் என்று வெட்டித் தள்ளுகிறார்கள். யார் யாரைத் துரத்துகிறார் என்றே தெரியாவிட்டால் எதைப் பார்த்துச் சிரிப்பது? கணினியில் வரைந்த கார் அதைவிட மோசம். அது எத்தனை முறை உருண்டாலும் எடை தெரிவதில்லை, பயமும் வருவதில்லை.

அந்தக் காரை நிஜமாக ஓட்டுபவரைப் பற்றியும் கேளுங்களேன். ஹாலிக்கி 1989-ல் தம் படத்தின் அடுத்த பாகத்துக்கான சாகசக் காட்சியின் ஏற்பாட்டில் விபத்துக்குள்ளாகி இறந்தார். ஆஸ்கர் விருதுகள் 1929 முதல் வழங்கப்படுகின்றன. ஒப்பனைக்கு உண்டு, உடைக்கு உண்டு, ஒலிக்கு உண்டு. சாகச வடிவமைப்புக்கான தனிப் பிரிவோ 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. அதுவரை யகிமா கனட், ஹால் நீதம் போன்ற சாகசக் கலைஞர்கள் ஓரிருவருக்குக் கௌரவ விருது கொடுத்ததோடு சரி. எலும்பு முறிந்த மற்றவர்களை மேடைக்கு அழைக்க யாருக்கும் தோன்றவில்லை.