வாசகர் கேள்வி – பதில்: வெயிலில் விளைந்த படிகமும் கண்ணில் படாத தனி உறுப்பும்

கேள்வி: எங்கள் கல்லூரியில் பென்சோபீனோனை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு, மூடிய குழாயை மொட்டை மாடி வெயிலில் வைத்தோம். சில நாள்களில் வெண்ணிறப் படிகங்கள் அடியில் தங்கின. அவை பென்சோபினகால் என்பதை உருகுநிலை காட்டியது. இடையில் கீட்டைல் தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் ஒன்றைக் கொண்ட, நிலையற்ற மூலக்கூறு) தோன்றி மறைவதாக ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். மிகக் குறுகிய காலமே இருக்கும் ஒன்றை யார், எப்படிப் பார்த்தார்கள்?
– முதுநிலை வேதியியல் மாணவி, திருமங்கலம்

பதில்: நீங்கள் செய்த சோதனை நூறாண்டுக்கு மேல் பழையது. 1900-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் பொலோனியா நகரில் சியாமிசியான், சில்பர் என்ற வேதியியலாளர்கள் பென்சோபீனோனை ஆல்கஹாலில் கரைத்து வெயிலில் வைத்து இதே படிகத்தைப் பெற்றார்கள். மதுரைப் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் உங்களுக்கு அது சற்று விரைவாகவே கிடைத்திருக்கும். ஆனால், படிகத்தை மட்டும் வைத்து இடைநிலையை நிறுவ முடியாது என்ற உங்கள் ஐயம் நியாயமானது. வீட்டுக்கு வந்த விருந்தாளி காளவாசல் வழியாக வந்தாரா, சிம்மக்கல் வழியாக வந்தாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

வழியைக் காட்டிக்கொடுப்பது எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு, சுருக்கமாக இ.எஸ்.ஆர். 1944-இல் ரஷ்யாவின் கசான் நகரில் இயற்பியலாளர் சவோய்ஸ்கி கண்டறிந்த இம்முறை, இணை சேராத எலக்ட்ரானை மட்டுமே காணும். அத்தகைய எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதற்கு இரண்டு ஆற்றல் மட்டங்கள் உண்டாகின்றன. புலம் ஏறத்தாழ 0.34 டெஸ்லாவாக இருந்தால், 9.5 கிகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலையை உறிஞ்சி அது மேல் மட்டத்துக்குத் தாவுகிறது. குழாயில் இருக்கும் கோடானுகோடி ஆல்கஹால் மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் எல்லாம் இணை சேர்ந்திருப்பதால் அவை வாய் திறப்பதில்லை; தனி உறுப்பு ஒன்றே பேசும்.

அது தன் பெயரையும் சொல்லிவிடுகிறது என்பதுதான் எனக்கு இம்முறையில் மிகவும் பிடித்த பகுதி. அருகிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நிறமாலையில் எலக்ட்ரான் தரும் ஒற்றைக் கோட்டினைப் பல கோடுகளாகப் பிளக்கின்றன. உங்கள் குழாயில் ஒளியை ஏற்ற பென்சோபீனோன் மும்மை நிலைக்கு, அதாவது இரு எலக்ட்ரான்கள் இணை சேராதிருக்கும் கிளர்ச்சி நிலைக்கு, சென்று ஆல்கஹாலிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும்போது, அது தானும் தனி உறுப்பாகி, ஆல்கஹாலையும் தனி உறுப்பாக்குகிறது. ஆல்கஹாலிலிருந்து பிறந்ததில் ஒரே தன்மையுள்ள 6 மெத்தில் ஹைட்ரஜன்கள் இருப்பதால் 1:6:15:20:15:6:1 என்ற வலிமை விகிதத்தில், ஏறத்தாழ 2 மில்லிடெஸ்லா இடைவெளியில், 7 கோடுகள் வர வேண்டும், அவ்வாறே வருகின்றன. பென்சோபீனோனிலிருந்து பிறந்த கீட்டைல் உறுப்பில் இரு பென்சீன் வளையங்களின் ஹைட்ரஜன்களும் பங்கு கொள்வதால் அதன் நிறமாலை மிக நெருக்கமான கோடுகளால் ஆனது. அதைப் படிக்கப் பொறுமை வேண்டும்.

ஆயுள் குறைவு என்ற இடையூறு உண்மையானது. அறை வெப்பநிலையில் 10,000 எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டால், மேல் மட்டத்தைவிடக் கீழ் மட்டத்தில் ஏழெட்டு எலக்ட்ரான்கள் மட்டுமே கூடுதலாக இருக்கும். நமக்குக் கிடைக்கும் சமிக்ஞை முழுவதும் அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து வருவதே. ஆகவே, கருவிக்குள்ளேயே கரைசலை ஓடவிட்டு இடைவிடாமல் ஒளி பாய்ச்சி, மறைவதற்கு ஈடாகப் புதியவற்றைப் பிறப்பித்துக்கொண்டே இருப்பது ஒரு வழி. திரவ நைட்ரஜனின் குளிரில், 77 கெல்வினில், உறையவைத்து அசையவிடாமல் நிறுத்துவது இன்னொரு வழி. டி.எம்.பி.ஓ. போன்ற, தனி உறுப்பைப் பிடித்துக்கொள்ளும் பொறிமூலக்கூறில் சிக்கவைத்து, நீண்ட ஆயுளுள்ள சேர்மமாக்கிப் பார்ப்பதும் உண்டு. இந்தக் கடைசி வழியை ஒளிவேதியியலில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பது என் கருத்து. ஒளிபட்ட கரைசலில் பொறியே ஓர் எலக்ட்ரானை இழந்து, பின்னர் நீருடனோ ஆல்கஹாலுடனோ சேர்ந்து, தனி உறுப்பு எதுவும் சிக்காமலே சிக்கியது போன்ற கோடுகளைத் தர முடியும்.

பிறந்த கணத்திலேயே பார்க்க வேண்டுமானால் லேசர் துடிப்பு தேவை. வழக்கமான கருவியில் சமிக்ஞையைத் தூய்மைப்படுத்த நொடிக்கு 1,00,000 முறை காந்தப்புலத்தை அசைப்பார்கள். அந்த அசைவே ஒரு மைக்ரோ நொடி நிகழ்வுக்கு மிக மெதுவானது. எனவே அதை நிறுத்திவிட்டு, துடிப்புக்குப் பின் நுண்ணலையில் நேரும் மாற்றத்தை நேரடியாகப் பதிவு செய்கிறார்கள். சமிக்ஞை மிகவும் மெலிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் இயற்கை கைகொடுக்கிறது: புதிதாகப் பிறந்த தனி உறுப்புகளில் அந்த ஏழெட்டு என்ற கணக்கு செல்லாது, ஒரு மட்டத்தில் எலக்ட்ரான்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதால் சமிக்ஞை பல மடங்கு வலுக்கிறது, சில கோடுகள் உறிஞ்சுவதற்கு மாறாக நுண்ணலையை உமிழவும் செய்கின்றன. 1963-இல் பெசெண்டனும் ஷூலரும், ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைத் திரவ மீத்தேனில் பாய்ச்சியபோது, ஹைட்ரஜன் அணுவின் இரு கோடுகளில் ஒன்று தலைகீழாக நிற்பதைக் கண்டார்கள். உங்கள் குழாயில் ஆல்கஹாலிலிருந்து பிறந்த உறுப்பின் 7 கோடுகளிலும் குறைந்த புலப் பக்கத்தவை உமிழ்வாகவும், கூடிய புலப் பக்கத்தவை உறிஞ்சலாகவும் வருகின்றன. பொதுவாக இது தாய் மூலக்கூறு மும்மை நிலையில் இருந்ததற்கான அடையாளம். மும்மை நிலைக்குச் செல்வது, ஹைட்ரஜனைப் பறிப்பது ஆகிய இரண்டு படிகளுக்கும் இந்த ஒரே நிறமாலை சான்றாகிறது. ஆனால் சில மைக்ரோ நொடிகளில் இந்தக் குவியல் கலைந்து வழக்கமான விகிதத்துக்குத் திரும்பிவிடும். அதற்குள் படித்துவிட வேண்டும்.

கேள்வி: இதே கரைசலை நாங்களே இ.எஸ்.ஆர். கருவியில் வைத்துப் பார்க்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையம் போன்ற இடங்களில் வெளி மாணவர்களின் மாதிரிகளையும் ஏற்கிறார்கள். ஒளி பாய்ச்சும் வசதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத குவார்ட்ஸ் குழாயைப் பயன்படுத்துங்கள். ஆல்கஹால் நுண்ணலையைத் தானே விழுங்கும் என்பதால் குழாய் மிக மெல்லியதாகவோ தட்டையாகவோ இருக்க வேண்டும். கரைசலில் நைட்ரஜனைக் குமிழவிட்டு ஆக்சிஜனை முற்றிலும் வெளியேற்றுங்கள். ஆக்சிஜனிலேயே இணை சேராத எலக்ட்ரான்கள் இரண்டு இருப்பதால் அது மும்மை நிலையைத் தணிப்பதோடு, நீங்கள் காண விரும்பும் கோடுகளையும் அகலமாக்கி மங்கச் செய்துவிடும்.